கேபின் எல்ஃப், பின் ஆக்சில் யாருடையதோ: பிரேக் ஷூ எதை வைத்து வாங்குவது?

பெகு லோடுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில், பெகுவில் இருக்கிறேன். உளுந்து, பச்சைப்பயறு மூட்டைகளை ஏற்றி ரங்கூன் பயின்னாங் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டி இசுசு எல்ஃப் லாரி, 2 டன் வகை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்தது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது.

வாங்கும்போதே ஒன்று உறுத்தியது. முன் சக்கரத்தில் 5 ஓட்டை, பின் சக்கரத்தில் 6 ஓட்டை. விற்றவரைக் கேட்டால், "பின் ஆக்சிலை மாற்றிக் கனமானதாகப் போட்டிருக்கிறேன் தம்பி, உனக்கு நல்லதுதானே" என்றார். எந்த வண்டியிலிருந்து எடுத்த ஆக்சில் (சக்கர அச்சு) என்று கேட்டதற்குச் சிரித்தார். அன்றிலிருந்து ஸ்டெப்னி இரண்டு சுமக்கிறேன். ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு.

போன மாதம் பின்பக்கம் கர்ரென்று சத்தம். கழற்றிப் பார்த்தால், பிரேக் ஷூமேல் ரிவெட் அடித்திருக்கும் லைனிங் தேய்ந்து, அது உரசி நிறுத்தும் டிரம்மை ரிவெட் கீறியிருந்தது. சேசிஸ் நம்பரைக் காட்டி ஒரு செட் ஷூ வாங்கினேன். அதன் அகலம் 75 மி.மீ., என் பழைய ஷூ 100. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கடையில், "6 ஓட்டையா? அப்போ மிட்சுபிஷி கேன்டர் ஆக்சில்தான்" என்று அடித்துச் சொல்லி ஒரு செட் கொடுத்தார்கள். அகலம் சரியாக இருந்தது. ஆனால் ஷூவின் நுனி வேறு மாதிரி, ஷூவைத் தள்ளும் சிலிண்டரின் பள்ளத்தில் உட்காரவே இல்லை. அந்தக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. இப்போது அந்த ஷூ என் வீட்டு வாசல் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் சேயாவிடம் காட்டினேன். "யடெ, யடெ" (ஆகும், ஆகும்) என்று பழைய ஷூவையே திரும்பப் போட்டு, ரிவெட்டை மட்டும் தட்டி உள்ளே இறக்கிவிட்டார். அவர் எதற்குத்தான் "யடெ" சொல்லமாட்டார்!

இன்னும் சில தொல்லைகள். பெடலை இரண்டு தடவை மிதித்தால்தான் நன்றாகப் பிடிக்கிறது. மழையில் அழுத்தி மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன் லைனிங்கும் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்கிறது. இதெல்லாம் ஆக்சில் மாற்றியதால்தானா? எந்த நம்பரைக் காட்டி எந்தச் சாமான் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிரியம் டிரைவர் எழுதியது:

தம்பி, மற்றதை அப்புறம் பார்க்கலாம். இடப்பக்கம் இழுக்கிறது என்றாயே, முதலில் அதை நிறுத்து. 1970-லிருந்து நாம் சாலையின் வலப்பக்கம் ஓடுகிறோம், ஆனால் ஜப்பான் வண்டியின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. நாம் உட்கார்ந்திருப்பது சாலையோரம். இடப்பக்கம் என்பது எதிரே வருகிறவன் பக்கம். முந்துவதற்கே ஸ்பேர் பையன் (உதவியாள்) தலையை நீட்டிப் பார்த்து "போ, போ" சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கமாக வண்டி தானே இழுத்தால் பையன் என்ன செய்வான்?

இன்னொன்று. உன் வண்டியில் கைபிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் தண்டான புரப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கினாலே அந்தப் பிடி போய்விடும். எனக்கு ஒருமுறை உள் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தபோது கைபிரேக்கை எவ்வளவு இழுத்தும் வண்டி பின்னால் உருண்டது. கல்லைத் தூக்கிப் போட்டுத்தான் நிறுத்தினேன். அன்று பீலிக்கான் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் வேண்டிக்கொண்டேன், அது தனிக்கதை. கழற்றுமுன் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வை.

குறுக்குவழி எழுதியது:

இவ்வளவு யோசனை எதற்கு? கேன்டர் ஷூ அகலம் சரியாக இருக்கிறது அல்லவா, நுனியைக் கிரைண்டரில் தேய்த்து உட்கார வை. நான் செய்திருக்கிறேன், ஓடுகிறது.

மோல்மீன் பட்டறை எழுதியது:

மேலே எழுதியவருக்கு: நுனியைத் தேய்த்தால் ஷூ பள்ளத்தில் உட்காரும், சரி. டிரம்மின் வளைவோடு சேர்ந்து உட்காருமா? ஷூ சற்றுச் சாய்ந்தாலும் லைனிங்கின் ஒரு முனை மட்டும் உரசும். அந்த முனை தீயும், மீதி சும்மா இருக்கும். அப்புறம் ஒருநாள் ஷூ பள்ளத்தை விட்டு நழுவும். ஓடுகிறது என்கிறீர்கள். நிற்கிறதா?

பெகு தம்பிக்கு வருகிறேன். எனக்கு இந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2005-இல் இங்கே சல்வீன் ஆற்றுப் பாலம் திறக்கும் முன், எதிரே மார்த்தபான் கரையில் லாரிகள் படகுக்கு வரிசை கட்டி நிற்கும் காலத்தில் ஆரம்பித்தவன். அப்போது பழைய ஹினோ டிஇ லாரிகள்தான் அதிகம், ஒன்றின் சாமான் மற்றதுக்குப் போகும். இப்போது வரும் வண்டிகளில் கேபின் ஒருவன், எஞ்சின் ஒருவன், ஆக்சில் ஒருவன். அதனால் நான் சொல்லும் முதல் பாடம்: கேபினை மறந்துவிடு. சேசிஸ் நம்பர் சேசிஸைப் பற்றித்தான் பேசும், அதில் பிறகு வந்து சேர்ந்த ஆக்சிலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிரேக் சாமான் வாங்க ஆக்சிலிடம்தான் கேட்க வேண்டும்.

6 ஓட்டை என்றால் கேன்டர் என்று சொன்னது தப்பு. ஜப்பான் வண்டிகளில் அந்த 6 ஓட்டை 222.25 மி.மீ. வட்டத்தில் இருக்கும், 3, 4 டன் வகைகளில் பல கம்பெனியும் அதையே போடுகிறது. ஓட்டையை வைத்து ஆக்சில் எவ்வளவு கனம் என்று சொல்லலாம், யார் செய்தது என்று சொல்ல முடியாது.

சக்கரத்தைக் கழற்று. இடப்பக்க நட்டு எதிர்த்திசையில் கழலும். தெரியாமல் பைப் போட்டு ஏறி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் வாரம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். டிரம்மை எடுத்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடை.

டிரம்மின் உள்விட்டத்தை இரண்டு இடத்தில் அள. லைனிங் உரசாத ஓரம் ஒரு விளிம்பு போல நிற்கும், அங்கே கிடைப்பது ஏறக்குறைய பிறந்தபோது இருந்த அளவு. உரசும் இடத்தில் கிடைப்பது இன்றைய அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேய்மானம். உரசும் இடத்தையே குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் டிரம் நீள்வட்டமாகிவிட்டதா என்பதும் தெரியும். லேத்தில் எவ்வளவு தூரம் கடையலாம் என்ற உச்ச அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்திருக்கும், துருவைச் சுரண்டிப் பார். ரிவெட் கீறிய டிரம்மைக் கடையாமல் புது லைனிங் போட்டால் காசு தண்டம்.

அப்புறம் ஷூ. அகலம் மட்டும் போதாது என்று நீயே பட்டுத் தெரிந்துகொண்டாய். நடுத்தகட்டின் கனம், இரண்டு நுனிகளின் வடிவம், ஸ்பிரிங் மாட்டும் ஓட்டைகளின் இடம், ரிவெட் ஓட்டை எத்தனை, எந்த வரிசை. இவ்வளவும் ஒத்தால்தான் அது உன் ஷூ.

அதைவிட முக்கியமானது வீல் சிலிண்டர், பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் ஷூவை டிரம்மோடு தள்ளுவது அதுதான். இந்த வகை லாரிகளின் பின்பக்கத்தில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர் இருப்பது வழக்கம், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக நாலு. நாலையும் பார். உடம்பில் 1-1/8 அல்லது 1-1/4 என்று அங்குலக் கணக்கில் வார்ப்பில் எழுதியிருக்கும். ஜப்பான்காரன் மற்ற பலவற்றை மில்லிமீட்டரில் செய்துவிட்டு இதை அங்குலத்தில் விட்டிருக்கிறான். எழுத்து அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்பில் பார், அதிலும் அளவு பதிந்திருக்கும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தை அலட்சியம் செய்யாதே. 1-1/8 என்பது 28.575 மி.மீ., 1-1/4 என்பது 31.75. விட்டத்தில் 3 மி.மீ.தான். ஆனால் எண்ணெய் தள்ளுவது பரப்பை, பரப்பு விட்டத்தின் வர்க்கம். கணக்குப் போட்டால் 23 சதவீதம் கூடுகிறது. பெரிய சிலிண்டர் 23 சதவீதம் பலமாகத் தள்ளும், அதே அளவு எண்ணெய் கூடுதலாகவும் கேட்கும். பெடலை மிதித்தால் எண்ணெய் அனுப்பும் உன் மாஸ்டர் சிலிண்டர் 2 டன் வண்டிக்கு அளந்து வைத்தது. கனமான ஆக்சிலின் சிலிண்டர்கள் பெரிதாக இருந்தால் ஒரு மிதியில் அதற்கு எண்ணெய் பத்தாது, இரண்டாவது மிதி தேவைப்படும். ஆனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமானாலும் இதே குறிதான் தெரியும். மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லுமுன் பின் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூ டிரைவரால் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் திருப்பி, ஷூ டிரம்மில் உரசும் வரை கொண்டுவந்து, பிறகு சற்றுத் தளர்த்து. பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

முன் லைனிங் சீக்கிரம் தீர்கிறது என்றாயே, அதற்கு வேறு இடத்தில் பார். சேசிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கினால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். எல்லா வண்டியிலும் இருக்காது, உன்னுடையதில் இருக்கிறதா பார். ஆக்சில் மாற்றும்போது அந்தக் கம்பியை மாட்ட இடம் இல்லாமல் எங்கேயாவது கட்டிவிடுவார்கள்.

யார் ஆக்சில் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு வழி. ஆக்சிலின் கூடான ஹவுசிங்கின் பின்பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய். ஏதாவது எழுத்து தட்டுப்பட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய், எழுத்து வெள்ளையாக எழும்பும். அடுத்தது கிரவுன் கணக்கு, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது. கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விடுவித்து, இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கிக் கட்டையில் நிறுத்து. ஜாக்கை மட்டும் நம்பாதே. ஒரு சக்கரத்தைப் பையன் அசையாமல் பிடிக்கட்டும். மற்றதை நீ சரியாக இரண்டு சுற்று சுற்று. அதற்குள் புரப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணு. அதுதான் ரேஷியோ. 5-க்கு மேல் முக்காலும் கொஞ்சமும் வந்தால் 41 பல்லுக்கு 7 பல், எல்ஃபில் நான் அடிக்கடி கண்ட கணக்கு. அது மட்டும் போதாது, மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்.

தெற்கு டகோன் கடை எழுதியது:

கடைக்காரன் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். போனில் படம் அனுப்பி "இது இருக்கா?" என்று கேட்பார்கள். படத்தில் எல்லா ஷூவும் அண்ணன் தம்பிதான். பழைய ஷூவையும் ஒரு வீல் சிலிண்டரையும் கோணிப்பையில் போட்டு நேரில் கொண்டுவந்தால், புதிதை அதன்மேல் வைத்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஜப்பான் பழசு, தாய்லாந்துச் சாமான், சீனச் சாமான் எல்லாம் ஒரே பெட்டி நிறத்தில்கூட வரும். பெட்டியை நம்பாமல் உள்ளே இருப்பதை அளந்து வாங்குங்கள்.

பழைய ஷூ வளையாமல், வெடிக்காமல் இருந்தால் புது ஷூவே தேவையில்லை. லைனிங் மட்டும் வாங்கி அதே ஷூவில் ரிவெட் அடித்துக்கொள்ளலாம். டிரம்மைக் கடைந்திருந்தால் சொல்லுங்கள், கனமான லைனிங் கிடைக்கும். சிலிண்டரின் உட்புறம் குழி விழுந்திருந்தால், ரப்பர் கிட் வாங்குவதைவிட சிலிண்டரையே முழுதாக மாற்றுங்கள். குழியில் புது கப் பத்து நாள் தாங்காது.

பெகு லோடுக்காரன் எழுதியது:

அண்ணே, எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் லோடு எடுக்காமல் வண்டியைப் பிரித்துப் போட்டேன். வீட்டில் அர்ச்சனை நடந்தது. அது இருக்கட்டும்.

டிரம் உரசாத ஓரத்தில் 320, உரசும் இடத்தில் 321-ஐ ஒட்டி வந்தது. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து முழுச் சுற்று, ஆறாவது முடிய இன்னும் கொஞ்சம். மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றது. ஆக எல்ஃபுக்கு எல்ஃபின் பெரிய அண்ணன் ஆக்சில்தான் போலிருக்கிறது. தெற்கு டகோனுக்குக் கோணிப்பையோடு போனேன். கனமான எல்ஃபுக்கு வரும் ஷூவை என் பழையதன்மேல் வைத்தார்கள். நுனி, ஓட்டை, ரிவெட் வரிசை, எல்லாம் அச்சு அசலாக ஒத்தது. என் ஷூ நன்றாகவே இருந்ததால் லைனிங் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. இடப்பக்கச் சிலிண்டர் இரண்டும் 1-1/4, துருப்பிடித்த பழசு. வலப்பக்கம் இரண்டும் 1-1/8, பார்த்தாலே புதிது! யாரோ ஒருவர் வலப்பக்கம் ஒழுகியபோது கடையில் கிடைத்ததை மாட்டிவிட்டார். வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது, போல்ட்டும் பொருந்துகிறது. மோல்மீன் அண்ணன் நாலையும் பார்க்கச் சொல்லாவிட்டால் நான் ஒன்றைக் கழற்றி அளந்துவிட்டு நிறுத்தியிருப்பேன். எட்டு மாதமாக இடது பின்சக்கரம் 23 சதவீதம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வால்வும் இருக்கிறது. அதன் கம்பியை சேசிஸ் ஓட்டையில் கட்டுக்கம்பியால் கீழ்நோக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் அதை ஏதோ அறுந்த ஒயர் என்று நினைத்திருந்தேன்.

நாலு சிலிண்டரையும் 1-1/4 ஆக்கிவிடட்டுமா? அப்போது பெடல் இன்னும் கீழே போகாதா?

மோல்மீன் பட்டறை எழுதியது:

நாலும் 1-1/4. ஆக்சிலோடு பிறந்தது அதுதான். ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு கூடவே கூடாது. சிலிண்டரில் இடது வலது குறி இருந்தால் அதன்படி மாட்டு.

பெடல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். டிரம்மைக் கடைந்து, புது லைனிங் போட்டு, ஷூவை நெருக்கிவைத்து, நாலு சிலிண்டரிலும் காற்று எடுத்துவிட்டுப் பார். மாஸ்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பி. புது டாட் 3 பிரேக் எண்ணெய் ஊற்று, திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். எஞ்சின் எண்ணெய் பட்ட புனலையும் தொடாதே, ரப்பர் ஊதிப்போகும். அதற்கு அப்புறமும் ஒரே மிதியில் பிடிக்கவில்லை என்றால் அந்த ஆக்சில் வந்த வகை வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுப்பது) தேடு. மாஸ்டரை மட்டும் பெரிதாக்கினால் பெடல் உயரும், ஆனால் கால் வலிக்க மிதிக்க வேண்டி வரும், அதே பலத்தில் மிதித்தால் கிடைக்கும் அழுத்தமும் குறையும்.

கம்பியைக் கீழ்நோக்கிக் கட்டியது வண்டி எப்போதும் காலி என்று வால்வை நம்பவைக்கத்தான் உதவும். பாரம் ஏற்றினாலும் பின்பக்கத்துக்குக் குறைந்த அழுத்தமே போயிருக்கும், முன்பக்கம் தனியாக இழுத்துத் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலில் ஒரு பிராக்கெட் அடித்து மாட்டு. ஹவுசிங்கில் நேராக வெல்டிங் வைக்காதே, ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் தட்டில் பிடி. காலி வண்டி நிற்கும் உயரத்தில் நெம்புகோல் எங்கே இருக்க வேண்டும் என்று கவனித்துக் கம்பியின் நீளத்தை வை.

முதலில் காலியாக, மண் தரையில், மெதுவாக. சாலைக்கு அப்புறம் போகலாம்.

பெகு லோடுக்காரன் எழுதியது:

அண்ணே, முடிந்தது. ஒரே மிதியில் பிடிக்கிறது. பெடல் ஆக்சில் மாற்றாத எல்ஃபை விட ஒரு விரல் கீழேதான், மாஸ்டரை மழைக்காலம் முடிந்து பார்க்கிறேன். நெல் களத்தில் நாலு தடவை அழுத்தி நிறுத்தினேன், பின்சக்கரத் தடம் இரண்டும் நேராக விழுந்திருந்தது. நேற்று 50 மைல் முழு லோடோடு ரங்கூன் போய் வந்தேன்.

டாஷ்போர்டு பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவைத்தேன்: பின் டிரம் 320, ஷூ 100, சிலிண்டர் நாலும் 1-1/4, ரேஷியோ 41-க்கு 7, சேசிஸ் நம்பரைப் பார்க்காதே. ஸ்பேர் பையன் தமிழ் படிக்கமாட்டான், பர்மியிலும் எழுதச் சொன்னான். அதையும் அவனையே எழுதவைத்தேன்.

கேன்டர் ஷூ இன்னும் வாசலில்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?